ஞானப்பல்லை எடுக்க வேண்டுமா? முடிவெடுப்பது முதல் தையல் பிரிப்பது வரை

வலித்தால்தான் ஞானப்பல்லை எடுக்க வேண்டும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். முளைத்தாலே எடுத்துவிட வேண்டும் என்று சிலர் ஓடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு ஒழுங்காகச் சேர்ந்து, பிரஷ் எட்டுகிற இடத்தில் இருக்கும் ஞானப்பல் ஆயுசுக்கும் வாயில் இருக்கலாம். ஒரு நாள்கூட வலிக்காத ஞானப்பல் பக்கத்துப் பல்லைச் சத்தமில்லாமல் சொத்தையாக்கியிருக்கவும் செய்யலாம். அதனால் வலியை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பல் எப்படிக் கிடக்கிறது, அதைச் சுத்தமாக வைக்க முடிகிறதா, இதுவரை எத்தனை முறை தொந்தரவு கொடுத்தது என்று பாருங்கள்.

பல் ஏன் மாட்டிக்கொள்கிறது

முன்பல் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எட்டாவதாக வருவது ஞானப்பல். மருத்துவர் சீட்டில் 18, 28, 38, 48 என்று எழுதியிருந்தால் முறையே மேல் வலது, மேல் இடது, கீழ் இடது, கீழ் வலது ஞானப்பற்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் வெளியே வரும். சிலருக்கு நான்கும் உருவாவதே இல்லை. அது குறை இல்லை, கவலைப்பட வேண்டியதும் இல்லை.

கீழ்த்தாடையில்தான் சிக்கல் அதிகம். ஏழாவது பல்லுக்குப் பின்னால் தாடை எலும்பு காதை நோக்கி மேலே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்துக்கு முன்னால் போதிய இடம் இல்லையென்றால், பல் முன்பக்கமாகச் சாய்ந்து ஏழாவது பல்லின் முதுகில் முட்டி நின்றுவிடும். சிலருக்குப் படுத்த வாக்கில் கிடக்கும், சிலருக்குப் பின்பக்கம் சாயும். ஈறு மட்டும் மூடியிருந்தால் எடுப்பது எளிது. எலும்புக்குள் புதைந்திருந்தால் எலும்பைச் சற்று அரைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மேல் ஞானப்பல் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். ஆனால் கன்னப்பக்கம் சாய்ந்து வந்தால், மெல்லும்போதெல்லாம் கன்னத்தின் உட்புறம் கடிபட்டு ஆறாத புண்ணாகும்.

எடுக்கத்தான் வேண்டும் என்பது எப்போது

முதலில், அடிக்கடி வருகிற ஈறு வீக்கம். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மடல்போல மூடிக் கிடக்கும். சோற்றுப் பருக்கை, மீன் துணுக்கு, தேங்காய்த் துருவல் எல்லாம் அதன் அடியில் போய்த் தங்கும். பிரஷ் அங்கே போகாது. கிருமி பெருகி மடல் வீங்கும். வீங்கிய மடலை மேல்பல் கடிக்கும், கடிபட்டதால் இன்னும் வீங்கும். வாய் திறக்க முடியாது, விழுங்கினால் வலிக்கும், வாய் நாறும், தாடைக்கடியில் நெறி கட்டும். முதல் தடவை வந்தால் மடலின் அடியைக் கழுவி, வலி மாத்திரையோடு சரியாக்கிப் பார்க்கலாம். பல் முழுதாக வெளியே வர இடமிருந்தால் அதோடு தீர்ந்தும் போகும். இரண்டாவது தடவை வந்துவிட்டால், அது மூன்றாவதும் வரும் என்றே வைத்துக்கொண்டு எடுப்பதைப் பற்றிப் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஐந்து நாள் போட்டு அமுக்குவது வைத்தியம் ஆகாது. மடல் அங்கேயேதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாது. பல் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். சாய்ந்த ஞானப்பல்லும் ஏழாவது பல்லும் சேருமிடத்தில் ஒரு இடுக்கு இருக்கும். அங்கே தங்கும் உணவு ஏழாவது பல்லின் பின்பக்கத்தை, ஈறுக்கு ஒட்டிய இடத்தில், அரிக்க ஆரம்பிக்கும். கண்ணாடியில் தெரியாது, நாக்குக்கும் எட்டாது. கூச்சம் தெரியும்போது சொத்தை நரம்புவரை போயிருக்கும். ஈறுக்குக் கீழே போன சொத்தையை அடைப்பதும் கஷ்டம். கடைசியில் நன்றாக மென்றுகொண்டிருந்த ஏழாவது பல்லையும் சேர்த்து எடுக்க வேண்டிவரும். எட்டாவது போனால் மெல்லுவதில் இழப்பு ஒன்றும் இல்லை. ஏழாவது போனால் இழப்புதான்.

மூன்றாவது, நீர்க்கட்டி. புதைந்த பல்லின் தலையைச் சுற்றியுள்ள பை பெருத்து, வலியே இல்லாமல் தாடை எலும்பை உள்ளிருந்து குடைந்துவிடும். வேறு எதற்காகவோ எடுத்த எக்ஸ்ரேயில்தான் பெரும்பாலும் அகப்படும். இவை தவிர, அடைக்க முடியாதபடி ஞானப்பல்லே சொத்தையானது, பக்கத்துப் பல்லின் வேர் கரைவது, தாடை அறுவைக்கோ முறிவுச் சிகிச்சைக்கோ இடைஞ்சலாக இருப்பது ஆகியவையும் காரணங்கள்.

முன்பல் நெருங்கிவிட்டது, ஞானப்பல்தான் தள்ளுகிறது என்று சொல்லி எடுக்கச் சொன்னால் நிதானியுங்கள். வயதாக ஆக முன்பல் நெருங்குவது ஞானப்பல் இல்லாதவர்களுக்கும் நடக்கிறது. அது ஒன்றுக்காக மட்டும் எடுப்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. தொந்தரவில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டல் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் முன்கூட்டியே எடுக்கும் வழக்கம் அதிகம். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். "எதற்காக எடுக்கச் சொல்கிறீர்கள், எக்ஸ்ரேயில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காரணத்தைக் காட்டினால் எடுக்கலாம்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கும் உண்டு. தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கரை காணாத மீனவருக்கும், லீவு முடிந்து கல்ஃபுக்குத் திரும்புகிறவருக்கும், "தொந்தரவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அறிவுரை அவ்வளவாகப் பொருந்தாது. நடுக்கடலில் தாடை பூட்டிக்கொண்டால் கரைக்கு வர நாள்கணக்காகும். ஏற்கெனவே ஒரு தடவை வீங்கிய பல் என்றால், போவதற்கு ஒரு மாதம் முன்பே காட்டி முடித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் வந்து எடுக்கச் சொல்வது ஆபத்து. சிக்கல் வருகிற நாள்கள் அப்போதுதான் வரும்.

படி 1: வீட்டில் பார்ப்பது

மொபைல் டார்ச்சும் ஒரு கண்ணாடியும் போதும். ஏழாவது பல்லுக்குப் பின்னால் பல்லின் முனை தெரிகிறதா, அதன்மேல் ஈறு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவிய விரலால் மடலை லேசாக அழுத்துங்கள். சீழோ கெட்ட வாடையோ வந்தால் உள்ளே கிருமி இருக்கிறது. அடுத்து, உங்கள் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் சேர்த்து நெடுக்காக மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வையுங்கள். மூன்றும் போனால் வாய் சரியாகத் திறக்கிறது. இரண்டுதான் போகிறது என்றால் அதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் நார்போல இறுகி வாய் குறுகிவிடுவது உண்டு. அப்படியென்றால் ஞானப்பல்லை விட அதுதான் முதலில் பார்க்க வேண்டிய நோய்.

வீட்டில் செய்யக் கூடாதவை சில. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அமுக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள், அதுவும் சுடும். சுண்ணாம்பு வைக்கவே கூடாது. கன்னம் வீங்கியிருக்கும்போது வெளியே சூடான ஒத்தடம் கொடுத்தால் சீழ் வெளித்தோலை உடைத்துக்கொண்டு வந்து முகத்தில் தழும்பாகிவிடும்.

படி 2: எக்ஸ்ரே

முழுத் தாடையும் ஒரே படத்தில் விழுகிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். இயந்திரம் தலையைச் சுற்றி வரும், அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் படத்தில் மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது, கீழ் ஞானப்பல்லின் வேருக்கும் தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாய்க்கும் உள்ள தூரம். குழாயின் வெள்ளைக் கோடு வேரின் அருகில் அறுந்து தெரிந்தாலோ, வேர் அங்கே கறுத்துத் தெரிந்தாலோ, குழாய் வளைந்து போனாலோ, நரம்பு ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படும். அந்த நரம்பு கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது. அதிகம் ஒட்டியிருந்தால் வேரை அப்படியே விட்டுப் பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுக்கும் முறையும் உண்டு.

படத்தையோ மொபைலில் அதன் நகலையோ கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போனால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

படி 3: எங்கே போவது

வெளியே வந்துவிட்ட மேல் ஞானப்பல் என்றால் பக்கத்துப் பல் மருத்துவரே எடுத்துவிடுவார். எலும்புக்குள் புதைந்தது, நரம்பை ஒட்டியது என்றால் வாய்முகத் தாடை அறுவையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவரிடம் போவதுதான் நல்லது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து கிளினிக்குகளில் பலவற்றுக்கு இப்படிப்பட்டவர் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வந்துபோவார். எந்த நாள் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். தையல் பிரிக்கும் நாளிலும், இடையில் சிக்கல் வந்தாலும் யார் பார்ப்பார் என்பதையும் அப்போதே கேளுங்கள். செலவு முக்கியமென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், குலசேகரத்திலுள்ள பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர் செய்வார். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். களியக்காவிளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தூரமில்லை.

தனியார் கிளினிக்கில் தொகையைக் கேட்கும்போது எக்ஸ்ரே, மருந்து, தையல் பிரிப்பது எல்லாம் அதில் அடங்குமா என்று சேர்த்தே கேளுங்கள்.

படி 4: போகும் முன்

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு அறுவை, மருந்து அலர்ஜி, கர்ப்பம், எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ போட்ட ஊசிகள். கடைசியாகச் சொன்ன ஊசிகளில் சில, பல் எடுத்த இடத்தில் எலும்பை ஆறவிடாமல் செய்யும். அதனால் அதை மறைக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் குழியில் வருகிற ரத்தத்தைத் தையல் போட்டு, அழுத்தி நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் வருகிற பக்கவாதத்தை அப்படி நிறுத்த முடியாது. வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையின் அண்மை ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

ஆபரேஷன் என்றதும் பட்டினியோடு வருகிறவர்கள் நிறைய. மரத்துப்போகும் ஊசியில் எடுப்பதற்குப் பட்டினி வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு போனால் நாற்காலியிலேயே மயக்கம் வரும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போவது இன்னும் மோசம். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதாக இருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து பட்டினி. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், பைக்கை நீங்கள் ஓட்டித் திரும்ப வேண்டாம்.

வீக்கமும் சீழும் உச்சத்தில் இருக்கும் நாளில், "இப்பவே எடுத்துடுங்க" என்று அடம்பிடித்துப் பயனில்லை. சீழ் பிடித்த இடத்தில் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. வீக்கம் வடிந்த பிறகு எடுத்தால் உங்களுக்கும் வலி குறைவு, அவருக்கும் வேலை எளிது.

வயதும் கணக்கில் வரும். இருபதுகளின் தொடக்கத்தில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் இளகியிருக்கும், புண் சீக்கிரம் ஆறும். முப்பதைத் தாண்டினால் எடுக்க முடியாது என்றில்லை, ஆறுவதற்கு நாள் கூடும். எப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்று தெரிந்த பல்லைப் பத்து வருடம் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மூளையிலிருந்தே தனித்தனியாகக் கிளம்புபவை.

படி 5: நாற்காலியில்

கீழ்த்தாடையின் பின்பக்கம் ஊசி போட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் அந்தப் பக்கத்து உதடும் நாக்கின் பாதியும் மரத்துவிடும். உதடு தடித்ததுபோல் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், இன்னொரு ஊசி போடலாம். மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் பாதியில் துடிக்காதீர்கள். பிறகு ஈறைக் கீறி விலக்கி, தேவையான அளவு எலும்பை அரைத்து, பல்லைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார்கள். அழுத்தமும் சத்தமும் கட்டாயம் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள். கிடப்பதைப் பொறுத்து இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம்.

கீழ்ப்பல் போனால் மேல்பல்லுக்கு எதிர்ப்பல் இல்லாமல் அது கீழிறங்கி ஈறையோ கன்னத்தையோ கடிக்க ஆரம்பிக்கும். அதனால் மேல்பல்லையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று சொல்வதில் நியாயம் உண்டு. நான்கையும் ஒரே நாளில் எடுப்பதை விட, ஒரு பக்கத்து மேலும் கீழும் முதலில், மறுபக்கம் சில வாரம் கழித்து என்றால் மெல்லுவதற்கு ஒரு பக்கமாவது மிஞ்சும்.

படி 6: முதல் ஒரு வாரம்

பல் எடுத்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தக் கட்டிதான் அடுத்து வரும் எலும்புக்கும் ஈறுக்கும் அடித்தளம். கீழே சொல்லும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை அதைக் காப்பாற்றத்தான்.

வைத்துக் கொடுத்த பஞ்சை 45 நிமிடம் நன்றாகக் கடித்திருங்கள். பார்க்க ஆசைப்பட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுக்காதீர்கள். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். 24 மணி நேரம் துப்பவோ கொப்பளிக்கவோ ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவோ கூடாது. எச்சில் இளஞ்சிவப்பாக வருவது முதல் நாளில் சகஜம். வாய் நிறைய சிவந்த ரத்தம் வந்தால் புதிய பஞ்சை மடித்து அரை மணி நேரம் கடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

மரப்பு விடுவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுவது நல்லது. மரப்பு இருக்கும்வரை சூடான எதையும் குடிக்காதீர்கள், உதடு வெந்தாலும் தெரியாது. ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்து, முதல் நாள் முழுக்கச் செய்யலாம். இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம்தான் இறங்கும். மறுநாள் கன்னம் பெரிதாகிவிட்டது என்று பயந்து ஓட வேண்டாம்.

மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து மெதுவாக வடியவிடுங்கள். வேகமாகக் கொப்பளித்தால் கட்டி கழன்றுவிடும். மற்ற பற்களை வழக்கம்போலத் தேய்க்கலாம், தேய்க்கவும் வேண்டும்.

சாப்பாட்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. முதல் நாள் ஆறிய கஞ்சி, மசித்த தயிர்ச்சோறு, மட்டிப்பழம், டம்ளரில் ஊற்றிய இளநீர். அடுத்த நாள்களில் பாலில் ஊறிய இடியாப்பம், குழைய மசித்த மரச்சீனிக்கிழங்கு, முள் பார்த்து எடுத்த மீன். ஏத்தன்காய் சிப்ஸ், முறுக்கு, முந்திரிப்பருப்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். பீடி, சிகரெட் குறைந்தது ஒரு வாரம் கூடாது. உறிஞ்சுகிற அழுத்தமும் புகையும் இரண்டுமே கட்டிக்கு எதிரி. மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்திருந்தால், அது முடியும்வரையும் அதற்குப் பிறகு இரண்டு நாளும் மது வேண்டாம், வாந்தி புரட்டி எடுக்கும்.

நாற்காலி வேலை என்றால் இரண்டு நாள் லீவு போதும். ரப்பர் பால் வெட்டு, சுமை தூக்குவது, குனிந்து நிமிர்கிற வேலை என்றால் நான்கைந்து நாளாவது விடுங்கள். கடலுக்குத் திரும்புவது தையல் பிரித்த பிறகுதான்.

மேல்பல் எடுத்தவர்களுக்கு ஒரு கூடுதல் விதி. அந்த வேரின் மேலேயே சைனஸ் அறை இருக்கிறது. இரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியே வந்தால் உடனே காட்டுங்கள்.

எது சகஜம், எதற்கு ஓட வேண்டும்

வலி இரண்டாம் நாள் குறைந்து, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று காதுவரை குத்திக்கொண்டு திரும்பினால், வாயும் நாறினால், அது காய்ந்த குழி. கட்டி கழன்று எலும்பு வெறுமையாக நிற்கிறது. மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை, ஆன்டிபயாட்டிக்கும் இதற்கு மருந்தல்ல. மருத்துவர் குழியைக் கழுவிக் கிராம்புத் தைலம் கலந்த மருந்தை வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே நிம்மதி கிடைக்கும். சில நாளுக்கு ஒரு முறை மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். புகைபிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.

மறுநாள் காலையிலும் உதடோ முகவாயோ நாக்கோ மரத்தே இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. நரம்பு அருகில் இருக்கிறது என்றால் எடுப்பதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டியது அதனால்தான்.

விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம், நாக்கு மேலே தள்ளப்படுவது, தாடைக்கடியில் கெட்டியான வீக்கம் கழுத்துக்கு இறங்குவது, குளிர்க் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல் கிளினிக்கைத் தேடவும் வேண்டாம். நேரே ஆசாரிப்பள்ளம் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல் எடுக்காமலே, வெறும் ஈறு வீக்கம் முற்றியும் இப்படி ஆகலாம்.

எல்லாம் சரியாகப் போனால் ஏழாம் நாள் தையலைப் பிரித்துவிடுவார்கள். தானே கரையும் நூல் என்றால் அதுவும் தேவையில்லை. ஈறு மூடிய பிறகும் குழி சில வாரம் பள்ளமாகவே இருந்து சோற்றை வாங்கிக்கொள்ளும். முனை மழுங்கிய வளைந்த சிரிஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு வாரம் கழிந்த பிறகு, சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரை அதில் ஏற்றிக் குழிக்குள் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். குச்சியாலோ ஊக்காலோ கிளறாதீர்கள்.